பதிமூன்று கிலோ

தபால் அலுவலகத்தின் பார்சல் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டு கிலோவுக்கு மேல் பன்னிரண்டு கிராம் கூடிவிட்டாலும் அடுத்த கட்டணம்தான். "பன்னெண்டு கிராம்தானே மேடம்" என்று யாராவது பல்லைக் காட்டினால், "அப்போ அந்தப் பன்னெண்டு கிராம மட்டும் வெளிய எடுத்து வச்சிருங்க" என்பாள். தப்பான எடையை எழுதிக்கொண்டு வருகிறவர்களை, மூட்டை எடை மேடையில் ஏறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொய் எழுதியவர் இவள் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்சலில் ஒட்டியிருக்கும் டேப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட தராசுதான் தன் சொந்த எடையில் பதிமூன்று கிலோவை முழுங்கிவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு பிரம்புக் கூடைக்குள், பூமிக்கும் தனக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லாத உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்ததற்காக அவளும் அவள் கணவரும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர். காலையில் நாற்பது பிள்ளைகளை வீடு வீடாகப் பொறுக்கிக்கொண்டு போய், சாயங்காலம் அதே நாற்பதைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. பள்ளிக்கூட விடுமுறைதான் அவருக்கும் விடுமுறை. கூடவே அவருடைய தங்கையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நாத்தனாருக்கு என்ன வேலை என்று தராசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபத்தைந்து வருடச் சண்டையையும் மொத்தமாகப் போட வேண்டியிருக்கும்.

பலூனில் ஏறி சூரியோதயம் பார்ப்பது நாத்தனாரின் யோசனை. "வாழ்க்கைல ஒரு தடவையாவது பண்ணணும் அண்ணி" என்றாள். முந்தைய நாள் மாலை ஹோட்டல் வரவேற்பறையில் மூன்று படிவங்களை நீட்டினார்கள். படிவம் என்றாலே தராசுக்குக் கை தானாகப் போய்விடும். கணவருடையதையும் அவளே நிரப்பினாள்.

"முதுகு வலி?"

"இல்ல."

"மூட்டு ஆபரேஷன்?"

"இல்ல."

"இருதயத்துல ஏதாவது?"

"இல்ல. சீக்கிரம் எழுதும்மா, பசிக்குது."

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் அப்போது நாத்தனாரின் படிவத்தில் இருந்தது. எடை என்ற இடத்தில் நாத்தனார் அறுபத்தொன்று என்று அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். போட்டுவிட்டுத் தராசின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன அண்ணி, ஒரு எண்பது இருக்குமா?"

இருந்தது எண்பத்தொன்று. பார்சல் மேடையில் தினமும் காலையில் யாரும் வருவதற்குள் ஏறிப் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா. ஆனால் அந்த 'எண்பது' என்ற சொல்லை நாத்தனார் சொன்ன விதம் இருக்கிறதே, அது தராசின் மண்டைக்குள் ஏறிவிட்டது. பேனா தானாக ஆறு போட்டது. பிறகு எட்டு. அறுபத்தெட்டு.

"பரவாயில்லையே" என்றாள் நாத்தனார். அந்தப் 'பரவாயில்லையே' இன்னும் மோசம்.

காலையில் மைதானத்தில் எடை போட்டுப் பார்ப்பார்கள், மானம் கப்பலேறும் என்று இரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்தாள். யாரும் போடவில்லை. பைலட் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையுறை போட்டிருந்தாள். படிவங்களை ஒரு அட்டையில் செருகி, மொபைலில் எதையோ கூட்டினாள், தலையாட்டினாள், "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான். தராசுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே கணக்குப் போட்டாள். ஒரு பழைய செருப்பைக் கூட எடை போடாமல் அனுப்பியதில்லை அவள். இங்கே ஏழு உயிரை வாய்ச்சொல்லை நம்பித் தூக்குகிறார்கள். அந்த வாய்ச்சொல்லில் ஒன்று அவளுடையது.

கூடையில் அவர்கள் மூன்று பேர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கேமராவோடு தனியாக வந்த ஒரு மனிதர், அப்புறம் பைலட். நான்கு மூலைக்கு நான்கு சிலிண்டர். தலைக்கு மேல் பர்னர். பைலட் கைப்பிடியை இழுத்ததும் ஆள் உயரத்துக்கு நெருப்பு சீறியது. தராசின் உச்சந்தலை சுட்டது. தரை எப்போது விட்டது என்றே தெரியவில்லை. ஜீப், அதன் பக்கத்தில் நின்ற ஆட்கள், மைதானத்து வேலி எல்லாம் சத்தமில்லாமல் கீழே போயின.

"இறங்கும்போது நான் 'உக்காருங்க'னு சொல்வேன்" என்றாள் பைலட். "சொன்ன உடனே முட்டிய மடக்கி, முதுக கூடையில சாய்ச்சு, உள்பக்கம் இருக்கிற கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். தராசு இப்போதே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சூரியன் வந்தது. புது ஜோடி ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டது. நாத்தனார், "அண்ணா அங்க பாரு, அண்ணா இங்க பாரு" என்று சின்னக் குழந்தை மாதிரி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் ஒரு மூலையில் சிலிண்டர் மேல் கையூன்றி நின்றபடி, தங்கை காட்டிய பக்கமெல்லாம் திரும்பினார். தராசு சூரியனைப் பார்க்கவில்லை. சிலிண்டர்களில் கேஸ் அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக முள்ளைப் பார்த்த கண். முதல் சிலிண்டர் காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் முள் பாதிக்குக் கீழே. பிரம்பு கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முனகலும் தன் காலடியிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மற்றவர்கள் நிற்கும் பக்கம் சத்தமே இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் காற்று மாறியது. அதுவரை சும்மா தொங்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்த பூமி இப்போது வேகமாக நகர ஆரம்பித்தது. பைலட் ரேடியோவில் ஜீப்காரர்களிடம் பேசினாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது சிரிக்கவில்லை.

"முதல்ல சொன்ன இடத்துல இறங்க முடியாது. கரண்ட் லைனத் தாண்டி உழுத நிலம் இருக்கு பாருங்க, அங்கதான். ஆமா, தெரியும், அதுக்கு அப்புறம் ஏரி." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்கு கேஸ் வேற வழக்கத்த விட அதிகமா குடிக்குது" என்றாள்.

தராசின் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. அதிகமாகக் குடிக்கிறது. ஏன் குடிக்காது. பதிமூன்று கிலோவைச் சும்மாவா தூக்கும். எட்டிப் பார்த்தாள். எதிரே மின்கம்பி கோபுரங்கள் வரிசையாக நின்றன. அதற்கு அப்பால் செம்மண் நிறத்தில் ஒரு துண்டு நிலம், அப்புறம் பளபளவென்று தண்ணீர். கூடை கம்பிகளை விடக் கீழே இருக்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. பைலட் பர்னரை விடாமல் எரித்தாள். மூன்றாவது சிலிண்டர் புஸ்ஸென்று ஓய்ந்தது. குழாயைக் கழற்றி நாலாவதில் மாட்டினாள்.

ஈரக்குலை நடுங்குவது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு என்று தராசு இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. நிஜமாகவே உள்ளே ஏதோ ஒன்று கிடுகிடுவென்று ஆடியது. செத்தால் தான் மட்டும் சாகப் போவதில்லை. இந்தப் புதுப் பெண்ணுக்கு இன்னும் மருதாணி கூட அழியவில்லை. நாத்தனார், என்னதான் வாய்க்கொழுப்பு என்றாலும், வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பேப்பரில் என்ன போடுவார்கள், 'எடையை மறைத்த தபால் ஊழியரால்' என்று போடுவார்களா. சொல்லிவிட வேண்டும். சொன்னால் இந்த ஜென்மம் முழுக்க நாத்தனார் வாயில் விழ வேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஜென்மமே கால் மணி நேரம்தான்.

"மேடம்" என்றாள். "மேடம், நான் எடைய தப்பா எழுதிட்டேன். அறுபத்தெட்டு இல்ல. எண்பத்தொண்ணு."

நாத்தனாரின் வாய் திறந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை, பாவம், அவளும் கம்பிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைலட் மேலேயே பார்த்தபடி, "தெரியும்மா" என்றாள். "நாப்பது வயசுக்கு மேல யார் எழுதிக் குடுத்தாலும் நான் பத்து பதினஞ்சு கூட்டித்தான் கணக்கு போடுவேன். இது உங்க எடை இல்ல, காத்து. கம்பியத் தாண்டிருவோம், அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல."

கூடை ஒரு குலுக்கலோடு எழும்பியது. கோபுரத்தின் உச்சியும், அதில் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கையும் அவர்கள் காலுக்குக் கீழே நிதானமாகக் கடந்து போயின. தராசுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஆனா இறங்கறது முரடா இருக்கும்" என்றாள் பைலட். "நிலம் சின்னது, காத்து வேகம். கூடை தரையில மோதும், சாயும், கொஞ்ச தூரம் இழுத்துட்டும் போகும். அதனால இப்பவே சொல்லிருங்க. அந்த பேப்பர்ல எடைய விட்டு வேற ஏதாவது மறைச்சிருக்கீங்களா? முதுகு, முட்டி, ஹார்ட், எதுவா இருந்தாலும். யாரும் திட்ட மாட்டேன்."

"நான் அறுபத்தொண்ணு இல்ல" என்றாள் நாத்தனார் மெல்ல. "அறுபத்தஞ்சரை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு, நிறுத்தவே முடியவில்லை. தராசும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணவர் பக்கம் திரும்பினாள், இந்த நாலரைக் கிலோ சந்தோஷத்தை அவரோடு பங்கு போட்டுக்கொள்ள.

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தான் கையூன்றியிருந்த சிலிண்டரின் முனையில், பெயின்ட் உரிந்திருந்த ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசின் சிரிப்பு அப்படியே நின்றது. இந்தப் பார்வையை அவள் கவுன்ட்டரின் மறுபக்கத்தில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். வீட்டில் இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்னங்க" என்றாள். "என்ன இருக்கு, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க."

டிரைவர் சட்டைப் பையில் விரலை விட்டு, சின்னதாக ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "லைசென்ஸ் புதுப்பிக்க செக்கப்புக்குப் போனேன்ல, மூணு வாரத்துக்கு முன்னாடி. ஈசிஜி சரியில்லனு சொன்னாங்க. ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கலாமாம். பெரிய ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. நெஞ்சு வலிச்சா இத நாக்குக்கு அடியில வச்சுக்கணும்."

"வலிச்சுதா?"

"ரெண்டு தடவ." மாத்திரை அட்டையை விரலில் திருப்பினார். "இப்ப லேசா."

தராசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடுவதற்கு அங்கே இடமும் இல்லை. அவர் நெஞ்சு வலியோடு மூன்று வாரம் பக்கத்தில் படுத்திருக்கிறார், அவள் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். 'இல்லை' என்று எழுதியது அவள் கை. நிமிர்ந்து ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதிமூன்று கிலோ பதிமூன்று கிலோ என்று ஒரு மணி நேரமாக அவள் பயந்ததெல்லாம் எவ்வளவு அற்பமான பயம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இப்போது வந்ததுதான் பயம்.

பைலட் திட்டவில்லை. "மாத்திரைய இப்பவே வைங்க சார். வச்சுட்டு இந்த ஓரத்துக்கு வந்து கீழ உக்காருங்க. கூடை இந்தப் பக்கம்தான் சாயும். அம்மா, நீங்க அவருக்குப் பின்னாடி உக்காந்து கட்டிப் பிடிச்சுக்கங்க. அடி உங்க மேல விழட்டும், அவர் மேல விழ வேண்டாம். முடியுமா?"

"முடியும்" என்றாள் தராசு.

பிரம்புச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவரைத் தன் மேல் இழுத்துச் சாய்த்து, இரண்டு பக்கமும் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலை அவள் தாடைக்குக் கீழே வந்தது. வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாத்தனார் எதிரே குந்தி உட்கார்ந்து அண்ணனின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எண்பத்தொரு கிலோ போதுமா, இன்னும் பத்து கிலோ இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தராசுக்குத் தோன்றியது.

"உக்காருங்க" என்று பைலட் சொன்னாள்.

முதல் மோதலில் தராசின் பல்லெல்லாம் அதிர்ந்தது. கூடை எகிறியது, மறுபடி மோதியது. அப்புறம் வானம் பக்கவாட்டில் போய், கூடை சாய்ந்து, மண் கட்டிகள் முகத்தில் வந்து விழ, தரையோடு தரையாக இழுபட்டது. இடுப்பில் ஏதோ குத்தியது. தோளில் யாருடைய முழங்கையோ இறங்கியது. அவள் கயிற்றை விடவில்லை. அவர் முழு பாரமும் அவள் மேல் இருந்தது. அந்த பாரத்துக்குள் மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. பலூனின் காற்றைத் திறந்துவிடும் சிவப்புக் கயிற்றில் தொங்கி இழுத்துக்கொண்டிருந்தாள் பைலட். பிறகு எல்லாம் நின்றது.

"என்னங்க."

கயிற்றை விட்டு அவரை இறுக்கிக்கொண்டாள்.

"என்னங்க."

"இருக்கேன்" என்றார். "கைய கொஞ்சம் லேசா பிடி. மூச்சு முட்டுது."

ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ஏரிக்கரை நூறு அடி தூரத்தில் இருந்தது. கேமராக்காரர் உழுத மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டார். புதுப் பெண் புருஷனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பைலட் ரேடியோவில் ஜீப்பை வேகமாக வரச் சொல்லி, பக்கத்தில் எங்கே ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் ரோட்டை நோக்கி ஓடினாள், ஜீப்புக்கு வழி காட்ட.

தராசு கணவரை ஒரு வரப்பில் உட்கார வைத்தாள். வலி குறைந்துவிட்டது என்றார். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. கீழே வந்தால் பயம் போய்விடும் என்று மேலே இருந்தபோது அவள் நினைத்திருந்தாள். போகவில்லை.

"இங்க பாரு" என்றார் தணிந்த குரலில். "டெஸ்ட் எடுத்துக்கறேன், மாட்டேனு சொல்லல. ஆனா ஸ்கூலுக்குத் தெரிய வேண்டாம். திங்கக்கிழமை வண்டி எடுக்கணும். லைசென்ஸ் இந்த மாசக் கடைசி வரைக்கும் செல்லும். அதுக்குள்ள தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிடலாம். தங்கச்சிகிட்டயும் சொல்லி வை."

தராசு அவரையே பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகளை நினைத்தாள். அந்த நாற்பதும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல் இவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கே யார் யாரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

"லைசென்ஸக் குடுங்க" என்றாள்.

"விளையாடாத."

"குடுங்க."

"அத வாங்கிட்டு என்ன பண்ணப் போற? முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நாளைக்கு நான் என்ன வேலைக்குப் போவேன், சொல்லு."

"தெரியல" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. "ஆனா குடுங்க."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. தூரத்தில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. டிரைவர் பர்ஸை எடுத்தார். லைசென்ஸை உருவி, மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"வச்சுக்கோ" என்றார். "மூணு வாரமா ஒவ்வொரு ஸ்டாப்லயும் பயந்துட்டுதான் ஓட்டினேன்."